பேர்ன் காட்டில் ஊர்ப் புற்றுக்காளான் போல ஒன்று: சமைக்கலாமா?

வட்டக்கச்சிப் பொடியன் எழுதியது, செப்டம்பர் 14

எல்லோருக்கும் வணக்கம். அம்மா ஊரிலிருந்து விசாவில் வந்து எங்களோடு நிற்கிறார். நேற்றுப் பின்னேரம் பிரெம்கார்டன்வால்ட் பக்கம் நடக்கப் போனோம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு காடு முழுக்கக் காளான். ஒரு இடத்தில் அம்மா அப்படியே குந்திவிட்டார். "இது எங்கட புற்றுக்காளான்தான், பார், தண்டு எவ்வளவு ஆழம் போகுது" என்று விரலால் மண்ணைக் கிளறி எடுத்தார். உண்மையாகவே தண்டு ஒரு சாணுக்கு மேல் மண்ணுக்குள் போய் வேர் மாதிரிக் கூராக முடிந்தது. குடை மண்ணிறம், மேலே வழவழப்பு, கீழே வெள்ளை இதழ்கள்.

பக்கத்திலேயே கோழி முட்டை மாதிரி வெள்ளையாக இரண்டு மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தன. அது வைக்கோல் காளான் மொட்டு என்று சொல்லி அதையும் எடுத்தார். எல்லாம் இப்போது கடதாசிப் பையில் இருக்கிறது. படங்கள் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பால்கறி வைக்க ஆசை. எனக்குப் பயம். நான் சொன்னால், "வன்னியில் பிறந்து வளர்ந்த எனக்குக் காளான் தெரியாதா" என்கிறார். மற்றது, அந்தக் காட்டில் வெட்டிய மரங்களை அடுக்கி நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்கோ சொந்தமான காட்டில் போய்ப் பிடுங்கினால் பிரச்சினை வருமா? அம்மா அடுத்த மாதம் 8ஆம் தேதி திரும்புகிறார். அதற்குள் இன்னொரு முறை போக வேண்டும் என்று நிற்கிறார்.


ஆரேக்கரை எழுதியது, செப்டம்பர் 14

தம்பி, இன்றைக்குக் கறி வைக்க வேண்டாம். பையை அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள், கழுவ வேண்டாம், தண்டை வெட்டவும் வேண்டாம். படத்தைப் பார்த்து "சாப்பிடலாம்" என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே வேறு யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். போனில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப்புக்கும் இதே பதில்தான்.

ஆனால் உங்கள் அம்மாவின் கண் நல்ல கண். தண்டின் அடியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பல வருடங்களாக எங்கள் ஊர்க் காளான் சங்கத்தில் இருக்கிறேன். திங்கட்கிழமை இரவுகளில் எல்லோரும் கொண்டு வந்ததை மேசையில் பரப்பி வைத்துப் பெயர் கண்டுபிடிப்போம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே முதல் நாள் வரும்போது தண்டை நடுவில் வெட்டிவிட்டு மேல் பாதியைத்தான் கொண்டு வருவார்கள். அடி இல்லாத காளானை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

புற்றுக்காளான் இங்கே முளைக்க வழியில்லை. அது கறையானோடு சேர்ந்து வாழ்கிற காளான். புற்றுக்குள்ளே கறையான் அதை வளர்க்கிறது, அந்தத் தோட்டத்திலிருந்துதான் தண்டு நீளமாக மேலே வருகிறது. அப்படிக் காளான் வளர்க்கும் கறையான் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் இருக்கிறது. சுவிஸ் காட்டில் தண்டு அவ்வளவு ஆழம் போனால், அது பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்த பீச் மர வேரைத் தேடிப் போகிறது. இங்கே வுர்ஸல்ரூப்லிங் என்று ஒன்று உண்டு. நீங்கள் சொன்ன எல்லாம், மண்ணிறக் குடை, நனைந்தால் வழவழப்பு, அகலமான வெள்ளை இதழ், முறுக்கின மாதிரி விறைத்த தண்டு, அதற்குப் பொருந்தும். அதுவாக இருந்தால் ஆபத்தில்லை. குடையை மட்டும் சாப்பிடுவார்கள், பெரிய ருசியும் இல்லை.

என்னைப் பயமுறுத்துவது அந்த இரண்டு வெள்ளை முட்டைகள்தான்.

பச்சை க்னோலன்பிளெட்டர்பில்ஸ் என்ற கொடிய விஷக் காளான் இங்கே பீச், ஓக் மரங்களுக்குக் கீழே ஆவணி, புரட்டாதியில் வரும். வளர்ந்தால் குடை மங்கின பச்சை, சில வேளை கிட்டத்தட்ட வெள்ளை. இதழ் எப்போதும் வெள்ளை, தண்டில் ஒரு பாவாடை, அடியில் ஒரு பை. அது சின்னதாக இருக்கும்போது முழுதும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும், அப்போது பார்த்தால் வைக்கோல் காளான் மொட்டேதான். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன ஆட்கள் இந்த ஒரு குழப்பத்தால் செத்திருக்கிறார்கள். கன்பராவில் 2012 புதுவருடத்தை ஒட்டி நடந்தது செய்தியில் வந்தது. அவர்கள் காளான் தெரியாதவர்கள் இல்லை, தங்கள் ஊர்க் காளானை நன்றாகத் தெரிந்தவர்கள். அதனால்தான் நம்பி எடுத்தார்கள். உங்கள் அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள். "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள், அது உண்மையும் இல்லை, அவர் மனமும் நோகும்.

வளர்ந்ததில் வித்தியாசம் இருக்கிறது. வைக்கோல் காளானுக்குத் தண்டில் பாவாடை இல்லை, இதழ் முற்றும்போது இளஞ்சிவப்பாகும். முட்டையாக இருக்கும்போது அதெல்லாம் தெரியாது. அவித்தாலும் பொரித்தாலும் காய வைத்தாலும் அந்த விஷம் போகாது. வெள்ளிக் கரண்டி கறுப்பது, மஞ்சளும் அரிசியும் நிறம் மாறுவது, நத்தை தின்றால் நாமும் தின்னலாம் என்பது, இவை ஒன்றையும் நம்பாதீர்கள். நத்தை அந்தப் பச்சைக் காளானைத் தின்றுவிட்டுச் சுகமாகப் போகும்.

சரி, என்ன செய்வது? இந்த நாட்டில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது, எங்கள் ஆட்கள் பலருக்கு அது தெரியாது. பில்ஸ்கொன்ட்ரோல என்று காளான் பரிசோதனை நிலையம் பல கெமைண்டேக்களில் (ஊராட்சிகளில்) இருக்கிறது. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர் ஒருவர் மேசையோடு இருப்பார். நீங்கள் பொறுக்கியதைக் கொட்டினால் ஒவ்வொன்றாகப் பார்த்து இது உணவு, இது குப்பை, இது விஷம் என்று பிரித்துத் தருவார். ஊர்வாசிகளுக்குப் பெரும்பாலும் இலவசம். அவர்களுடைய கூட்டமைப்பு வாப்கோ, 1925இலிருந்து இருக்கிறது. அதன் இணையதளத்தில் அஞ்சல் எண்ணைப் போட்டால் பக்கத்து நிலையமும் திறக்கும் நேரமும் வரும். காளான் காலத்தில் மட்டும், பின்னேரம் ஓரிரு மணித்தியாலம்தான் திறப்பார்கள், பார்த்துவிட்டுப் போங்கள்.

போகும்போது வேரூன்றியதை வேறாகவும் முட்டைகளை வேறாகவும் வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: கூடையில் ஒரே ஒரு கொடிய காளான் மற்றவற்றோடு கலந்திருந்தால் முழுக்கூடையும் குப்பைக்குத்தான் போகும், துண்டுகள் ஒட்டியிருக்கலாம் என்பதால். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. அதற்குள் நல்ல காளானும் வேர்த்து அழுகும், அழுகிய நல்ல காளானும் வயிற்றைக் கெடுக்கும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் வெட்டிக் காட்டுவதையும் மணந்து பார்க்கச் சொல்வதையும் பார்த்தாலே போதும்.

அப்புறம் சட்டம். பேர்ன் கன்டோனில் (மாநிலத்தில்) ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியிலிருந்து 7ஆம் தேதி வரை காளான் பொறுக்கத் தடை. மற்ற நாட்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ. அம்மா 8ஆம் தேதி போகிறார் என்றால் ஒக்டோபரில் உங்களுக்கு நாளே இல்லை, இந்த மாதம் முடிவதற்குள் போய்விடுங்கள். வேறு கன்டோன்களில் விதி வேறு, எல்லை தாண்டிப் போனால் முதலில் பாருங்கள். இயற்கைப் பாதுகாப்புப் பகுதி என்று பலகை இருந்தால் அங்கே கை வைக்க வேண்டாம்.


தூன் நர்ஸ் எழுதியது, செப்டம்பர் 14

ஆரேக்கரை அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். பச்சைக் காளான் சாப்பிட்டவருக்கு உடனே ஒன்றும் செய்யாது. 6 மணித்தியாலத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் வாந்தியும் தண்ணீராக வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதன் பிறகு ஒரு நாள் போல் எல்லாம் அடங்கும். ஆள் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார், வீட்டில் எல்லோரும் சுகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

அதனால் காளான் சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால், "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். 145 டொக்ஸ் இன்ஃபோ, விஷத்துக்கு ஆலோசனை சொல்லும் இடம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆள் மோசமாக இருந்தால் நேராக 144, அம்புலன்ஸ். சமைத்த மிச்சம், தோல், குப்பையில் போட்ட தண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரில் அந்த விஷத்தைச் சோதிக்கலாம். காளான் சாப்பிட்டதை மறைக்காமல் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.


மரம்வெட்டி92 எழுதியது, செப்டம்பர் 15

நான் இங்கேயே பிறந்தவன், ஃபோர்ஸ்ட்வார்ட் என்ற காட்டுத் தொழில் படித்துக் காட்டில் வேலை செய்கிறேன். தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, பிரெம்கார்டன்வால்ட் பேர்ன் பூர்கர்கெமைண்டே என்ற பழைய ஊர்க்குடிகள் அமைப்புக்குச் சொந்தமான காடு. சொந்தக்காரர் இருந்தாலும் நீங்கள் போகலாம். சுவிஸ் சிவில் சட்டம் 699ஆம் பிரிவு, காட்டுக்குள் நடக்கவும் அந்த இடத்து வழக்கப்படி காட்டுப் பழமும் காளானும் பொறுக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது, தனியார் காடாக இருந்தாலும். விறகு அப்படி இல்லை. அடுக்கி நம்பர் போட்ட மரம் விற்பனைக்குப் போகிறது, அதைத் தொடக்கூடாது. அதன் மேல் ஏறவும் கூடாது. அது உருண்டால் ஆள் தப்ப முடியாது.

சிவப்பு வெள்ளை நாடா கட்டி "ஹோல்ஸ்ஷ்லாக்" (மரம் வெட்டும் இடம்) என்று பலகை வைத்திருந்தால் உள்ளே வரவே வேண்டாம், சத்தம் கேட்காவிட்டாலும். சாப்பாட்டு நேரத்தில் சத்தம் நின்றிருக்கும், பாதி வெட்டிய மரம் நின்றுகொண்டிருக்கும். ஆட்கள் காளான் பார்த்துக்கொண்டு குனிந்தபடியே நாடாவுக்குக் கீழே வருவதை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு உயிர் போய் வருகிறது.

"மரம் வெட்டித்தான் காளானை அழிக்கிறீர்கள்" என்று எங்களிடம் நிறையப் பேர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. ஸ்டைன்பில்ஸ், ஐயர்ஷ்வெம்லி போன்ற உணவுக் காளான் எல்லாம் உயிர் மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்வது. மரம் சீனி கொடுக்கும், காளான் தண்ணீரும் உப்பும் கொடுக்கும். மரம் போனால் அதுவும் போகும். 2018 வறட்சிக்குப் பிறகு பட்டை வண்டு வந்து ஃபிக்டே என்ற ஊசியிலை மரங்கள் கூட்டமாகச் செத்தன, அவற்றை வெட்டாமல் விட முடியவில்லை. அந்தக் காட்டுத் துண்டுகளில் ஸ்டைன்பில்ஸ் வருவது நின்றுவிட்டது, அடிக்கட்டைகளில் இப்போது ஹல்லிமாஷ் என்ற காளான்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வெட்டுவது வேறு, நெருக்கத்தைக் குறைப்பது வேறு. ஃபிரிபூர்க் கன்டோனில் லா ஷனேயா என்ற ஒதுக்குக் காட்டில் 1975இலிருந்து காளான்களை எண்ணி வந்தார்கள். அங்கே 1987இல் மரங்களின் நெருக்கத்தைக் குறைத்த பிறகு காளானின் எண்ணிக்கையும் வகையும் கூடின. மிச்சமாக நின்ற மரங்கள் நன்றாக வளர்ந்தன, அதோடு காளானும் வளர்ந்தது.

அதே காட்டில் 2003 வரை இன்னொன்றும் பார்த்தார்கள். ஒரு துண்டில் எல்லாவற்றையும் பொறுக்கினார்கள், ஒரு துண்டில் தொடவே இல்லை. பொறுக்கியதால் அடுத்தடுத்த வருடங்களில் காளான் குறையவில்லை. பிடுங்கினாலும் கத்தியால் வெட்டினாலும் வித்தியாசம் இல்லை. குறைத்தது ஆட்கள் மிதித்ததுதான். அதனால் அம்மா வேரோடு எடுத்தார் என்று யாராவது ஏசினால் கவலைப்பட வேண்டாம். கிளறிய குழியை இலையால் மூடிவிட்டு, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மிதிக்காமல் இருந்தால் போதும்.

உண்ணியை மறக்காதீர்கள். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி தரும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, அடிக்கடி காட்டுக்குப் போகிற எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது.


வட்டக்கச்சிப் பொடியன் எழுதியது, செப்டம்பர் 17

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் அம்மாவோடு பரிசோதனை நிலையத்துக்குப் போய் வந்தோம். ஒரு வயதான பெண்மணி இருந்தார். ஆரேக்கரை அக்கா சொன்னது சரி, வேர்க்காளான் வுர்ஸல்ரூப்லிங்தான். ஆனால் முற்றிவிட்டது, உள்ளே புழு, எறியச் சொன்னார்.

முட்டையை எடுத்து நடுவால் நெடுக்காக வெட்டினார். உள்ளே மண்ணிறமாக ஒரு ஜெல்லி, நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கரு. ஸ்டிங்க்மோர்ஹல் என்றார், வளர்ந்தால் செத்த எலி மணம் வருமாம். பிறகு பின்னால் இருந்த பெட்டியிலிருந்து வேறு ஒருவர் அன்று கொண்டு வந்த ஒரு முட்டையை எடுத்து அதையும் வெட்டிப் பக்கத்தில் வைத்தார். அதில் ஜெல்லி இல்லை. ஒரு சின்னக் குடையும் தண்டும் படம் கீறியது போல் உள்ளே மடிந்திருந்தன. அதுதான் பச்சை க்னோலன்பிளெட்டர்பில்ஸ்.

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது, "வெளியில பார்த்தா எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார். இப்போது அவருக்கு இன்னும் ஆசை கூடிவிட்டது. 26ஆம் தேதி சனிக்கிழமை போவோம் என்கிறார். எதைத் தேடுவது என்று சொல்லுங்கள் அக்கா, இரண்டு வகை போதும்.


ஆரேக்கரை எழுதியது, செப்டம்பர் 17

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. அந்தப் பெண்மணிக்கு என் நன்றியும் சேரட்டும். சம்பளத்தைப் பார்த்து இந்த வேலைக்கு ஒருவரும் வருவதில்லை. ஒவ்வொரு காளான் காலத்திலும் பல குடும்பங்களைக் காப்பாற்றுகிறார்கள்.

இரண்டு வகை என்றால், முதலாவது ஐயர்ஷ்வெம்லி. முட்டைக்கரு மஞ்சள். குடைக்குக் கீழே தகடு தகடாக இதழ் இருக்காது. தடித்த மடிப்புகள் தண்டோடு ஓடி இறங்கும், நகத்தால் பிரிக்கப் பார்த்தால் சதையோடு ஒட்டியிருக்கும். கிழித்தால் உள்ளே வெளிறிய சதை, மணம் அப்ரிகொட் பழம் மாதிரி. இதைப் போலவே செம்மஞ்சளாக, மெல்லிய இதழ்கள் கிளை பிரிந்து நிறைய இருந்தால் அது பொய்யானது, உக்கிய மரத்தில் அல்லது ஊசியிலைக் குப்பையில் வரும். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஸ்டைன்பில்ஸ். குடைக்குக் கீழே இதழே இல்லை, பஞ்சு போல் துளைகள். இளசில் வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு ஒலிவ் பச்சை. தண்டு தடிப்பு, அதில் வெள்ளை வலை மாதிரிக் கோடு. வலை கடும் மண்ணிறமாகவும் துளை இளஞ்சிவப்பாகவும் இருந்தால் அது கல்லன்ரோர்லிங். விஷம் என்று பயப்பட வேண்டாம், ஆனால் பாகற்காயே தோற்றுப்போகும் கசப்பு, ஒன்று விழுந்தால் சட்டியே போச்சு. துளை சிவப்பாக இருப்பது எதையும் எடுக்காதீர்கள். தாள் போல் இதழ் உள்ள காளான் எதையும், முட்டை மாதிரி மொட்டு எதையும் இந்த வருடம் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்தாலே பச்சைக் காளான் உங்கள் வீட்டுக்கு வராது.

ஃபிக்டேயும் பாசியும் உள்ள பக்கம் தேடுங்கள். பெரிய, தொட்டால் அமுங்குகிற காளானை அங்கேயே விடுங்கள். காட்டிலேயே கத்தியால் மண்ணைச் சுரண்டி, புழு இருக்கிறதா என்று ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள், ஆனால் அடியை வெட்டி எறியாதீர்கள். பிறகு அதே பெண்மணியிடம் போங்கள், உங்களுக்கு நிச்சயம் என்று பட்டாலும். நான் இன்றைக்கும் புது இடத்தில் எடுத்ததைச் சங்கத்து மேசையில் வைக்காமல் சமைப்பதில்லை.

சமையல்: பச்சையாகக் கடித்துப் பார்க்க வேண்டாம், காட்டுக் காளான் பல பச்சையில் வயிற்றைக் குழப்பும். நரி நாடாப்புழுவின் முட்டையும் சமைத்தால்தான் சாகும், வீட்டு ஃபிரீஸரின் குளிருக்கு அது சாகாது. தண்ணீரில் ஊற வைக்காமல் துலக்கி எடுங்கள். வெறும் சட்டியில் போட்டு அது விடும் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, அதற்குப் பிறகு எண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. நன்றாக வெந்த பிறகு இரண்டாம் பால், இறக்கும்போது முதற்பால், தேசிக்காய்ப் புளி கொஞ்சம். எல்லாமாக இருபது நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். தூள் போட வேண்டாம் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத் தூள் ஒரு கரண்டி போட்டால் ஐயர்ஷ்வெம்லியின் மணம் போய்விடும், பிறகு கடையில் வாங்கிய வெள்ளைக் காளானுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? முதல் தடவை ஆளுக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்டைன்பில்ஸ் கூடக் கிடைத்தால் மெல்லிய துண்டாக வெட்டி, ஓவனில் 40, 45 பாகையில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து மொறுமொறுப்பாகும்வரை காய வையுங்கள். பரிசோதனைக்குப் பிறகு மட்டும். போத்தலில் இறுக்கி அடைத்தால் அம்மா ஊருக்கே கொண்டு போகலாம், விமான நிலைய விதியை மட்டும் ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கள். ஐயர்ஷ்வெம்லியைக் காய வைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும், பச்சையாக ஃபிரீஸரில் போட்டால் கசக்கும். அதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

26ஆம் தேதிக்கு முன் நல்ல மழை இல்லாவிட்டால் மிட்டல்லாண்டில், இந்தத் தாழ்ந்த பகுதியில், அதிகம் கிடைக்காது. அப்படி என்றால் கொஞ்சம் உயரத்துக்கு, குர்னிகல் பக்கம் போய்ப் பாருங்கள்.